போய்ப் பார்த்துக் கேட்டவர்

வணக்கம் நேயர்களே. நுரையீரல் ஆய்வு மாநாடுகள் இளம் ஆய்வாளர்களுக்கு என்ன தருகின்றன என்று பேச அழைத்திருக்கிறார்கள். மாநாடு என்றதும் மேடையும் நீண்ட உரைகளும் நினைவுக்கு வரும். நான் பேச வந்தது மேடைக்குக் கீழே நடப்பதைப் பற்றி.

முதலில் ஒரு கதை. பலூன் ஊதியிருப்பீர்கள். முதல் ஊதலுக்குத்தான் கன்னம் வலிக்கும். கொஞ்சம் விரிந்துவிட்டால் பிறகு எளிது. நம் நுரையீரலில் கோடிக்கணக்கான காற்றறைகள் இருக்கின்றன. அவற்றின் உட்பக்கம் ஈரமானது. அந்த ஈரத்தின் பரப்பு இழுவிசை அறைகளைச் சுருக்கப் பார்க்கும். அதைத் தளர்த்த ஒரு பொருள் வேண்டும். அது இல்லையென்றால் ஒவ்வொரு மூச்சும் பலூனின் முதல் ஊதல்தான்.

1950களில் குறைமாதக் குழந்தைகள் பலர் பிறந்த சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ மூச்சுத் திணறி இறந்தார்கள். காரணம் தெரியவில்லை. மேரி எலன் ஏவரி அப்போது இளம் மருத்துவர். படிப்பு முடிந்ததும் காசநோய் வந்து படுத்து எழுந்தவர். நுரையீரல் மேல் அக்கறை அப்படி வந்தது. இறந்த குழந்தைகளின் நுரையீரலில் நுரை இல்லாததை அவர் கவனித்தார். நுரை, சோப்பு நுரை மாதிரி. ஏன் இல்லை?

அந்தச் சமயத்தில் ஜான் கிளெமென்ட்ஸ் என்பவர், நுரையீரலிலிருந்து எடுத்த திரவப் படலத்தை அமுக்கியும் விரித்தும் அதன் இழுவிசையை அளந்துகொண்டிருந்தார். அவருடைய கட்டுரையை ஒரு பெரிய ஆய்விதழ் ஏற்கவில்லை. 1957இல் வேறோர் இதழில் வந்தது. ஏவரி பாஸ்டனிலிருந்து மேரிலாந்துக்குப் போய் அவரைப் பார்த்தார். கருவியைப் பார்த்தார், கேட்டார், கற்றுக்கொண்டார். திரும்பி வந்து குழந்தைகளின் நுரையீரல் திரவத்தை அளந்தார். இழுவிசையைத் தளர்த்தும் அந்தப் பொருள், சர்ஃபாக்டன்ட், அவர்களிடம் குறைவு என்று 1959இல் ஜியர் மீடுடன் சேர்ந்து எழுதினார். 1980இல் ஜப்பானில் ஃபுஜிவாரா குழுவினர் அதைக் குழந்தைகளுக்குக் கொடுத்துக் காட்டினார்கள். இன்று எத்தனையோ பிள்ளைகள் மூச்சு விடுகிறார்கள்.

கவனியுங்கள், ஏவரி போய்ப் பார்த்தார். கட்டுரையைப் படித்ததோடு நிற்கவில்லை. அப்படிப் போய்ப் பார்க்கும் வாய்ப்பை நூறு பேருக்கு ஒரே கூரையின் கீழ் தருவதுதான் மாநாடு.

மாநாட்டில் எல்லோருக்கும் மேடை கிடைக்காது. பலர் தங்கள் ஆய்வை ஒரு பெரிய தாளில் அச்சிட்டு மாட்டி, வருபவர்களுக்கு விளக்குவார்கள். அதுதான் போஸ்டர். என் முதல் போஸ்டர் முன்னால் இரண்டு மணி நேரம் நின்றேன். வந்தவர்கள் நான்கு பேர். நான்காவதாக வந்த ஒரு மூத்த அம்மா, "ஊதும் சோதனையை நோயாளி உட்கார்ந்து செய்தாரா, நின்று செய்தாரா?" என்று கேட்டார். நான் குறித்து வைக்கவே இல்லை. அந்த ஒரு கேள்வியால் என் ஆய்வின் பாதியைத் திரும்பச் செய்தேன், சரியாகச் செய்தேன். மேடையில் பேசியிருந்தால் அந்தக் கேள்வி எனக்குக் கிடைத்திருக்காது. ஆகவே தம்பி, தங்கைகளே, போஸ்டர்தானே என்று வருந்தாதீர்கள்.

பெரிய மாநாடுகளில் கூட்டம் அலைமோதும். எனக்குச் சிறியவைதான் பிடிக்கும். ஐரோப்பிய சுவாசக் கழகம் போர்ச்சுகலின் எஸ்டோரிலில் மார்ச் மாதத்தில் நடத்தும் நுரையீரல் அறிவியல் மாநாடு அப்படிப்பட்டது. இளையவர்களுக்கென்றே அதில் ஓர் அமர்வு உண்டு. அங்கே காலையில் உரை கேட்டவரை மாலையில் தேநீர்க் கோப்பையோடு பார்க்கலாம். போய்ப் பேசுங்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். பயண உதவித்தொகை பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கிக்கொள்கிறேன். பல கழகங்கள் இளையவர்களுக்கு அதைத் தருகின்றன. உறுப்பினர் கட்டணத்திலும் சலுகை உண்டு. ஆய்வுச் சுருக்கம் அனுப்பும்போதே விண்ணப்பிக்கச் சொல்வார்கள், அந்தக் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். கெடு பல மாதங்கள் முன்பே வரும். அமெரிக்க மார்புநோய்க் கழகத்தின் மே மாத மாநாட்டுக்கு முந்தைய ஆண்டின் இறுதியிலேயே சுருக்கம் போய்ச் சேர வேண்டும். நன்றி, வணக்கம்.