கைகழுவாமல் பந்திக்கு வந்தவர்கள்

நடுவர் அய்யாவுக்கும் சபையாருக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேரே வருகிறேன்.

இஸ்ரவேல் மக்கள் பஸ்காவை, அதாவது எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையானதை நினைக்கும் பண்டிகையை, உண்மையாய் ஆசரித்தார்கள் என்றால், அங்கே முதலில் நின்றது எழுதிவைத்த பிரமாண ஒழுங்கா, தேடும் இருதயமா? இருதயம் என்பது எங்கள் கட்சி. எனக்கு முன் பேசிய அண்ணன் எங்களைப் பார்த்து, "இவர்கள் கைகழுவாமல் பந்தியில் உட்காருகிற கூட்டம்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். எழுதி வந்த தாளை அப்போதே மடித்துப் பையில் வைத்துவிட்டேன். இதற்குப் பதில் சொல்லாமல் நான் இறங்கப் போவதில்லை.

அண்ணே, அப்படிக் கைகழுவாமல் வந்த ஒரு கூட்டம் வேதத்தில் உண்டு. 2 நாளாகமம் 30.

யூதாவின் ஆகாஸ் ராஜா எருசலேம் ஆலயக் கதவைப் பூட்டிவிட்டுப் போனவன். மகன் எசேக்கியா பட்டத்துக்கு வந்த முதல் மாதமே திறக்கிறான். உள்ளே அத்தனை அசுத்தம். ஆலயப் பணிவிடைக்காரரான லேவியர் அள்ளிக் கொட்டுகிறார்கள். வேலை முடிந்த தேதி 16. பஸ்கா என்றைக்கு? 14! இரண்டே நாளில் கைவிட்டுப் போனது. சரி, இரண்டாம் மாதம் 14-இல் ஆசரிப்போம் என்று தெற்கே பெயெர்செபா முதல் வடக்கே தாண் வரை அஞ்சற்காரரை ஓட விடுகிறான். ஊர் ஊராய் ஓடுகிறார்கள். வடக்கே பிரிந்துபோன கோத்திரங்களின் நாட்டில், எப்பிராயீமில் சிரிக்கிறார்கள். மனாசேயில் சிரிக்கிறார்கள். செபுலோன் வரைக்கும் பரியாசம்!

ஆனாலும் சிலர் எழுந்தார்கள். அந்தச் சிலரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ராஜ்யம் இரண்டாகி ஏறக்குறைய 200 வருஷம். தாத்தா காலத்திலிருந்து பெத்தேலிலும் தாணிலும் நின்ற பொன் கன்றுக்குட்டிகளையே பார்த்து வளர்ந்தவர்கள். எப்படிச் சுத்திகரித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லித்தர ஆள் யார்? அக்கம்பக்கத்தார் சிரிக்கச் சிரிக்க, செபுலோனிலிருந்து எருசலேமுக்கு நூறு கிலோமீட்டருக்குக் குறையாத தூரம் வருகிறார்கள். வந்தார்கள், சாப்பிட்டார்கள். சுத்திகரித்துக்கொள்ளாமலே சாப்பிட்டார்கள்!

இன்னொரு முறை சொல்கிறேன், அண்ணன் காதில் விழட்டும். சுத்திகரித்துக்கொள்ளாமலே சாப்பிட்டார்கள். எழுதியிருக்கிற முறைப்படி அல்ல. அண்ணன் அங்கே இருந்திருந்தால் பந்தியிலிருந்து எழுப்பி விட்டிருப்பார். எசேக்கியா எழுப்பவில்லை. அவர்களுக்காக ஜெபம் பண்ணினான். பரிசுத்த ஸ்தலத்தின் சுத்திகரிப்பு இவர்களுக்கு இல்லாவிட்டாலும், தேவனைத் தேடத் தங்கள் இருதயத்தை நேராக்கினவர்கள், மன்னியும் என்றான். கர்த்தர் கேட்டார். ஜனங்களைக் குணமாக்கினார். ஏழு நாள் பண்டிகை, போதவில்லை, இன்னும் ஏழு நாள்! சாலொமோன் காலத்துக்குப் பிறகு எருசலேமில் அப்படியொரு சந்தோஷம் இருந்ததில்லை என்று எழுதியிருக்கிறது.

பொறுங்கள், கைதட்ட இன்னும் இருக்கிறது. முதல் மாதத்தில் பஸ்கா தவறியதற்கு வேதம் சொல்லும் முதல் காரணம் என்ன? போதுமான ஆசாரியர் தங்களைப் பரிசுத்தம் பண்ணிக்கொள்ளவில்லை! ஒழுங்கைக் கையில் வைத்திருந்தவர்களே ஆயத்தமாகவில்லை. பிறகு வெட்கப்பட்டார்கள் என்றும் எழுதியிருக்கிறது. அண்ணே, அந்தப் பந்தியில் முதலில் கைகழுவ வேண்டியவர்கள் யார்?

எசேக்கியாவுக்குப் பின் வந்த யோசியா ராஜாவின் பஸ்காவை எதிர்க்கட்சியார் சொன்னார்கள். 30,000 ஆட்டுக்குட்டிகள், 3,000 காளைகள், இம்மி பிசகாத ஒழுங்கு. மறுக்கவில்லை. அதே யோசியாவின் நாட்களில்தான் எரேமியா தீர்க்கதரிசி அழுகிறார், யூதா முழு இருதயத்தோடு திரும்பவில்லை, கள்ளத்தோடே திரும்பினாள் என்று. இதற்கு மேல் அதில் நான் நிற்கவில்லை.

நடுவர் மணியைப் பார்க்கிறார். அய்யா, ஒரு நிமிஷம் கொடுங்கள்.

எண்ணாகமம் 9. சீனாய் வனாந்தரம். சில மனுஷர் மோசேயிடம் வருகிறார்கள். பிரேதத்தைத் தொட்டதால் தீட்டுப்பட்டவர்கள். யாருடைய பிரேதம் என்று எழுதவில்லை. தகப்பனோ, பிள்ளையோ. ஊரே பஸ்கா ஆட்டுக்குட்டியைச் சுட்டு, புளிப்பில்லாத அப்பமும் கசப்பான கீரையுமாய் உட்கார்ந்திருக்க, புதைத்த மண் கையில் ஒட்டியபடி வந்து, "நாங்கள் ஏன் விலக்கப்பட வேண்டும்?" என்று கேட்கிறார்கள். மோசேக்கே பதில் தெரியவில்லை. நில்லுங்கள், கர்த்தரிடம் கேட்டு வருகிறேன் என்கிறார். அவர்களுக்காகத்தான், பிறகு எசேக்கியா கையில் எடுத்த அந்த இரண்டாம் மாதம் 14-ஆம் தேதி பிறந்தது.

என் அப்பா இறந்தது பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம். அந்த வெள்ளிக்கிழமை கோயில் மணி அடிக்கிறது, அம்மா திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை. "துக்க வீட்டுக்காரி, நான் வரலாமாடா?" என்று என்னிடம் கேட்டார். எனக்குப் பன்னிரண்டு வயது. பதில் தெரியவில்லை. நானும் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா இன்றைக்கு மூன்றாவது வரிசையில் இருக்கிறார். அம்மா, அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் வரலாம்.

வணக்கம்.