நாக்கு நுனில நிக்கிற வார்த்தை

வணக்கம்ங்க. நான் ஸ்பீச் தெரபிஸ்ட். இன்னைக்கு அஃபேசியா பத்தி, அதாவது மூளை பாதிப்பால பேச்சும் மொழியும் தடுமாறுறதைப் பத்தி பேசலாம்னு வந்திருக்கேன். ஸ்ட்ரோக் வந்தவங்கள்ல கிட்டத்தட்ட மூணுல ஒருத்தருக்கு இது வருது, ஆனா நிறைய வீட்ல இந்தப் பேரே தெரியாது, "அப்பாவுக்கு புத்தி மழுங்கிடுச்சு"ன்னு சொல்லித்தான் கூட்டிட்டு வருவாங்க. புத்தி எங்கயும் போகலைங்க. பெரும்பாலானவங்களுக்கு மொழியை கவனிச்சுக்கிறது மூளையோட இடது பக்கம், அங்க அடிபட்டா மனசுல இருக்கிறது சொல்லா வெளிய வராது, சிலருக்கு அடுத்தவங்க பேசுறதும் சரியா பிடிபடாது. 1861ல பால் புரோக்கான்னு ஒரு பிரெஞ்சு டாக்டர் பார்த்த நோயாளிக்கு "டான்"ங்கிறதைத் தவிர அநேகமா வேற எதுவும் வாயில வராது, ஆனா கேக்குறது பெருமளவு புரியும், சைகையால பதில் சொல்வார்.

தெரபில என்ன நடக்கும்னு கேப்பீங்க. ஒருத்தர்கிட்ட சாவி படத்தைக் காட்டினேன். "பூட்டு"ன்னார், உடனே இல்லைன்னு தலையாட்டினார், தப்புன்னு அவருக்கே தெரியுது, "அது... அது..."ன்னு விரலை முறுக்கித் திறக்கிற மாதிரி காட்டுறார். பக்கத்துல அவர் மனைவி சொல்லிக் குடுக்க வாயெடுத்தாங்க, கொஞ்சம் பொறுங்கம்மான்னு நிறுத்தினேன். இத வச்சு என்ன செய்வீங்க, எங்க வைப்பீங்கன்னு கேட்டேன், அப்பவும் வரல, "சா..."ன்னு முதல் எழுத்தை மட்டும் எடுத்துக் குடுத்தேன். "சாவி!"ன்னார், அந்தம்மாவுக்கு கண்ணு கலங்கிடுச்சு. நாம முந்திக்கிட்டு சொல்லிட்டா, வார்த்தையை அவரே தேடிப் பிடிக்கிற வழி பழகவே பழகாதுங்க. பேச வராத சிலருக்கு பாட்டு கடகடன்னு வரும், அதனால ராகம் போட்டு இடது கையால தாளம் தட்டி வாக்கியம் சொல்ல வைக்கிற முறையும் இருக்கு.

எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கிறது "ஆறு மாசம் ஆச்சே, இனிமே வராது"ன்னு விட்டுடுறதுதான். ஆறு மாசம் தாண்டினவங்களுக்கு வாரத்துக்கு குறைஞ்சது 10 மணி நேரம்னு மூணு வாரம் தெரபி குடுத்துப் பார்த்த ஜெர்மன் ஆய்வு 2017ல வந்துச்சு, பேச்சு நல்லாவே முன்னேறியிருந்தது.

வீட்ல பேசும்போது டிவியை நிறுத்துங்க, ஒரு நேரத்துக்கு ஒரே கேள்வி, ஆமா இல்லைன்னு முடியிற மாதிரி கேளுங்க, சிலருக்கு அந்த ஆமா இல்லையே மாறி வரும், அதனால கட்டைவிரலைக் காட்டச் சொல்லி உறுதி பண்ணிக்கோங்க. பேப்பரும் பேனாவும் பக்கத்துலயே இருக்கட்டும். புரியலைன்னா புரிஞ்ச மாதிரி தலையாட்டாதீங்க, அவங்க கண்டுபிடிச்சிடுவாங்க. "எனக்குப் புரியலப்பா, இன்னொரு தடவை காட்டுங்க"ன்னு சொல்லிட்டு உக்காந்து காத்திருங்க.