சென்னை – பலாலி: 355 கிலோமீட்டர், ஆனால் எவ்வளவு நேரம்?

வணக்கம் நண்பர்களே! இன்றைக்குக் கணக்குப் பாடம். பயப்படாதீர்கள், சின்னக் கணக்குத்தான்.

சென்னை மீனம்பாக்கத்திலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம் நேர்கோட்டில் ஏறத்தாழ 355 கிலோமீட்டர். வரைபடத்தைப் பாருங்கள்: நூல் பிடித்தாற்போல் நேர் தெற்கு. சாலை வழியே திருச்சிக்குப் போகிற தூரத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

இணையத்தில் தூரத்தைப் போட்டுத் தேடினால் ஐம்பது நிமிடம் என்றுகூடக் காட்டும். அதை நம்பி, மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறேன் என்று உறவினரிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அந்தக் கணக்கு ஜெட் விமானத்துக்கானது. இந்த வழியில் பறப்பது ஏடிஆர் 72. இரண்டு பக்கமும் புரொப்பல்லர் சுற்றுகிற விமானம். நடுவானில் மணிக்கு 500 கிலோமீட்டரை ஒட்டிப் போகும். ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகமும் கிடையாது. தவிர, டிக்கெட்டில் இருக்கும் நேரம் சக்கரம் தரையை விட்ட கணத்திலிருந்து எண்ணப்படுவதல்ல. சென்னையில் நின்ற இடத்தைவிட்டு விமானம் நகர்வது தொடங்கி, பலாலியில் போய் நிற்பதுவரை எல்லாம் அதில் சேர்த்தி. ஆகவே ஒன்றேகால் மணி, ஒன்றரை மணி என்று போட்டிருந்தால் அது நியாயமான கணக்கே.

வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்வார்கள். பறப்பதைவிட வரிசையில் நிற்பதுதான் அதிகம்! கடிகாரத்தை மட்டும் திருப்ப வேண்டாம். 2006 முதல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஒரே நேரம்.

இதற்கே சலித்துக்கொள்பவர்கள் பழைய வழியை நினைத்துப் பார்க்க வேண்டும். கொழும்புக்கான விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவுக்கு ஏறத்தாழ 650 கிலோமீட்டர் பறக்க வேண்டும். யாழ்ப்பாணத்தைத் தாண்டித் தெற்கே 300 கிலோமீட்டர் போய் இறங்கி, அதற்கும் அதிகமான தூரத்தை ஏ9 வீதி வழியே வடக்கே திரும்பி வர வேண்டும். போக வேண்டிய ஊரைத் தாண்டிப் போய்விட்டு, ராத்திரி பஸ்ஸில் தூங்கி வழிந்து வருவதற்குப் பெயர் பயணமா, தண்டனையா? 2019 அக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் பறக்கத் தொடங்கியது. கொரோனா வந்து அதை நிறுத்தியது. 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கினார்கள். 2024 செப்டம்பரில் இண்டிகோவும் வந்து சேர்ந்தது.

இனி, இருக்கை. ஏடிஆரில் இறக்கை ஜன்னலுக்கு மேலே இருக்கும். கீழே பார்ப்பதற்கு மறைப்பே இல்லை. போகும்போது வலப்பக்கம் உட்காருங்கள், வானம் தெளிந்திருந்தால் தமிழ்நாட்டுக் கரை அந்தப் பக்கம்தான். திரும்பும்போது இடப்பக்கம். நடு வரிசைகளில் இடம் கிடைத்தால், தரையிறங்கும் முன் வயிற்றுப் பகுதியிலிருந்து சக்கரம் விரிந்து இறங்குவதைக் கண்ணெதிரே பார்க்கலாம்; குழந்தைகளுக்கு அது பெரிய வேடிக்கை. எனக்கும்தான். வேடிக்கை வேண்டாம், குடிவரவு வரிசையில் முதலில் நின்றால் போதும் என்பவர்கள் கடைசி வரிசையைக் கேட்டு வாங்குங்கள். இந்த விமானத்தில் பயணிகள் இறங்கும் படிக்கட்டு வால் பக்கம் இருக்கிறது.