முதுகு ஊசி, நெர்வ் பிளாக்: டாக்டர் கை பழகுவது எங்கே?

வணக்கம். இன்றைக்குக் கீழ்ப்பாக்கத்தில் மொட்டைமாடியிலிருந்து பேசுகிறேன். கீழே ஹாரன் சத்தம் கொஞ்சம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மயக்க மருந்து டாக்டர். ஆபரேஷனுக்கு முதல் நாள் வார்டுக்குப் போனால் அடிக்கடி காதில் விழுவது இதுதான்: "டாக்டர், முதுகுல மட்டும் ஊசி வேணாம். எங்க அக்காவுக்கு சிசேரியனுக்குப் போட்டாங்க, இன்னிக்கு வரைக்கும் இடுப்பு வலி." அந்த அக்காவுக்கு வலி இருப்பது உண்மை. ஆனால் கர்ப்ப காலத்தில் இடுப்பு மூட்டுகள் தளர்கின்றன. குழந்தை பிறந்த பிறகு குனிந்து தூக்குவதும், கூன் போட்டு உட்கார்ந்து பால் கொடுப்பதும் மாதக்கணக்கில் நடக்கின்றன. பிரசவ வலி குறைய முதுகில் எபிட்யூரல் ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், நீண்ட நாள் இடுப்பு வலியில் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. ஊசி குத்திய இடம் சில நாள் வலிக்கலாம், அதை மறுக்க மாட்டேன்.

அடுத்த பயம், கால் விளங்காமல் போய்விடுமோ என்பது. இதற்கு நல்ல கணக்கு ஒன்று இருக்கிறது. பிரிட்டனில் நாடு முழுவதும் எடுத்து 2009-இல் வெளியிட்டார்கள். முதுகுத் தண்டைச் சுற்றிப் போட்ட ஏழு லட்சத்துக்கும் அதிகமான ஊசிகள் அதில் வருகின்றன. சந்தேகத்துக்கு இடமானவற்றையெல்லாம் ஊசியின் தலையிலேயே போட்டால்கூட, நிரந்தரப் பாதிப்பு ஒரு லட்சத்துக்கு சுமார் 4 பேர். ஊசியால் வந்ததாக இருக்க வாய்ப்புள்ளவற்றை மட்டும் எடுத்தால் 2 பேர்.

தலைவலி உண்மையிலேயே வரக்கூடிய தொல்லை. 1898-இல் ஜெர்மனியின் கீல் நகரத்தில் முதுகில் ஊசி போட்டு உடம்பின் கீழ்ப்பகுதியை மரத்துப்போகச் செய்யும் ஸ்பைனல் மயக்கத்தைத் தொடங்கிவைத்த ஆகஸ்ட் பியர், தன் முதுகிலேயே ஊசி போடச் சொல்லிப் பார்த்தார். பிறகு பல நாள் தலைவலியோடு படுத்திருந்தார். முதுகுத் தண்டைச் சுற்றியுள்ள நீர் ஊசித் துளை வழியே கசிவதுதான் காரணம். இப்போது மெல்லிய, பென்சில் முனை ஊசி பயன்படுத்துகிறோம். அதனால் அந்தத் தலைவலி வெகுவாகக் குறைந்துவிட்டது.

சரி, முழங்கால் மாற்று ஆபரேஷனுக்கு வருகிறேன். சென்னையில் நம் அம்மா, அத்தை வயதுக்காரர்களில் எத்தனையோ பேர் இதைச் செய்துகொள்கிறார்கள். முன்பு தொடையின் மேல் பக்கத்தில் பெமரல் நரம்பை ஊசி மருந்தால் மரத்துப்போகச் செய்வது வழக்கம். இப்படி ஒரு நரம்பை மட்டும் மரத்துப்போகச் செய்வதுதான் நெர்வ் பிளாக். வலி அடங்கும், ஆனால் தொடைத் தசையும் சேர்ந்து வலுவிழக்கும். பாத்ரூம் போக எழுந்தால் சிலர் கால் மடங்கி விழுந்துவிடுவார்கள். அதே நரம்பின் கிளைகளை நடுத்தொடையில் பிடிப்பதுதான் அடக்டர் கேனால் பிளாக். தொடையின் வலு பெரும்பாலும் தங்குவதால் சீக்கிரமாகவே பிடித்து நடக்க வைக்க முடிகிறது. ஊசி சில அங்குலம் கீழே இறங்கியதில் இவ்வளவு வித்தியாசம்! எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த ஆராய்ச்சி இதுதான்.

இந்த நரம்பை நாங்கள் அல்ட்ராசவுண்டில் பார்த்துத்தான் குத்துகிறோம். ஒரு கையில் படம் எடுக்கும் ப்ரோப், மறு கையில் ஊசி, கண் திரையில். ஊசி முனை எப்போதும் திரையில் தெரிய வேண்டும். தெரியாமல் போன நொடியில் கை நிற்க வேண்டும். புத்தகம் படித்து இது வராது. அப்படியானால் முதல் தடவை யார் உடம்பில் பழகுவது?

யார் உடம்பிலும் கூடாது என்பது என் உறுதியான கருத்து. முதலில் ஒரு பொம்மை மாதிரியில் பழகலாம். ஜெலட்டினில் இசப்கோல் கலந்து உறைய வைத்தால் திரையில் சதை போலவே தெரியும், உள்ளே ஒரு குழாயைப் புதைத்தால் அதுதான் ரத்தக்குழாய். நம்ம ஊர் வெயிலில் ஜெலட்டின் உருகிவிடும், ஃபலூடாவுக்குப் போடுகிற கடற்பாசி (அகர்) உருகாது. செலவும் குறைவு.

ஆனால் பொம்மையில் குத்திப் பார்த்தால் மட்டும் போதாது. அயர்லாந்தின் கார்க் நகரில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். எபிட்யூரல் கற்கும் இளம் டாக்டர்கள் இரண்டு குழுக்கள். இரண்டுமே சிமுலேஷனில், அதாவது நோயாளி இல்லாத செயற்கைப் பயிற்சியில், பழகின. ஒரு குழுவுக்கு மட்டும், குறித்த தரத்தை எட்டிக் காட்டினால்தான் நோயாளியிடம் போகலாம் என்று விதி. சாதாரணமாகப் பழகிய குழுவின் எபிட்யூரல்களில் சுமார் 29 சதவீதம் சரியாக வேலை செய்யவில்லை, விதிக்கு உட்பட்ட குழுவில் சுமார் 13 சதவீதம். பழகிய நேரத்தைவிட எட்டிய தரத்துக்குத்தான் மதிப்பு என்று இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று, மரத்துப்போகும் மருந்து ரத்தத்தில் அதிகமாக ஏறிவிடும் ஆபத்து. அபூர்வம்தான். காதில் ரீங்காரம், வாயைச் சுற்றி மதமதப்பு, பிறகு வலிப்பு, இதயமே நின்றும் போகலாம். இதற்கு மருந்து 20 சதவீதக் கொழுப்புக் கரைசல், எடையில் கிலோவுக்கு 1.5 மில்லி என்று ரத்தக்குழாயில் முதலில் கொடுப்பார்கள். 1998-இல் எலிகளில் காட்டியது, 2006-இல் மனித உயிரைக் காப்பாற்றியது. இதயம் நின்றால் வழக்கமாகக் கொடுக்கும் அளவு அட்ரினலினை இந்த நிலையில் கொடுத்தால் கெடுதலாகும், மிகக் குறைவாகக் கொடுக்க வேண்டும். பதற்றத்தில் கை பழைய பழக்கத்துக்கே போகும். வருடக்கணக்கில் ஒரு முறைகூடப் பார்க்காத ஒன்றை மேனிகின் என்ற மனித உருவப் பொம்மையில்தான் ஒத்திகை பார்க்க முடியும். அப்போதும் ஒருவர் செக்லிஸ்ட்டை உரக்கப் படிக்க வேண்டும், நினைவை நம்பக் கூடாது.

மருத்துவக் கல்லூரிகளில் இதற்கான லேப் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. முதுநிலை மாணவர்களுக்கு டியூட்டி நேரத்திலேயே அங்கே போக நேரம் ஒதுக்குங்கள் என்று துறைத் தலைவர்களை இந்தக் காணொளி வழியாகவே கேட்டுக்கொள்கிறேன். இரவு டியூட்டி முடித்துவிட்டுத் தூங்கி வழிந்துகொண்டு வருகிற பிள்ளைக்கு அங்கே என்ன ஏறும்?

அப்புறம், வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் என்றால் டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். எந்த பிளாக், எத்தனை மணி நேரம் மரத்திருக்கும்? குத்துவதற்கு முன் எந்தப் பக்கம் என்று நீங்களும் வாய்விட்டுச் சொல்லுங்கள். பிளாக் பெரும்பாலும் நடுராத்திரியில் தெளியும். வலி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல், எழுதிக்கொடுத்த வலி மாத்திரையை நேரத்துக்குக் கொடுங்கள். மரத்த காலை நம்பி அவர்களைத் தனியாக எழுந்திருக்க விடாதீர்கள்.

அடுத்த காணொளியில் கடற்பாசி மாதிரியை இங்கேயே செய்து காட்டுகிறேன்.