வாதி ஹல்ஃபா வழியில் மூன்று பானைகள்

(நூலக வாசகர் வட்டத்தின் கோடைக்காலக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, பல பணிகளுக்கிடையே வருகை தந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, எனக்கு முன் பேசி எனக்குரிய நேரத்தில் பாதியை அன்போடு எடுத்துக்கொண்ட புலவர் ஐயா அவர்களே, பொன்னாடை போர்த்திச் சிறப்பித்த வணிகப் பெருமக்களே, வாசக நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம். சித்திரை வெயிலில் மனிதனுக்குச் சால்வை போர்த்தும் துணிச்சல் நம்மவர்க்கு மட்டுமே உண்டு என்பதைப் பாலைவனம் கண்டு வந்தவன் என்ற உரிமையில் சொல்லிக்கொள்கிறேன்.

'நிழலின் அருமை வெயிலில் தெரியும்' என்பது என் அப்பத்தா ஓயாமல் சொன்ன பழமொழி. 2012-இல் கேப் டவுனிலிருந்து தரைவழியாக வடக்கே புறப்பட்டு, ஏழு மாதம் அலைந்து, சூடானுக்குள் கால் வைத்தபோதுதான் அது எனக்கு விளங்கியது. பாலையின் வெயில், பாலையின் இருப்புப்பாதை, பாலையின் தண்ணீர் ஆகிய மூன்றையும் பற்றிப் பேசுவேன் என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். முதல் இரண்டையும் விரைந்து கடக்கிறேன்; பொறுத்தருள்க.

நெடும்பயணத்தின் கடைசியில் பாலை வருவது ஒரு கொடுமை. செருப்பு தேய்ந்து, மடிப்பணம் கரைந்து, புதியதைப் பார்க்கும் ஆசையும் வற்றிய நாள்களில் அது வருகிறது. சூடானின் வடகோடியிலுள்ள வாதி ஹல்ஃபாவில் மழை என்பது பெரும்பாலும் பேச்சில் மட்டுமே உண்டு. மே, ஜூன் மாதங்களில் பகல் வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தாண்டுவது அங்கே செய்தியே அல்ல. அந்த உலர்காற்றில் வியர்வை சுரந்தவுடன் ஆவியாகிவிடுவதால் சட்டை நனைவதில்லை. உடல் நீரிழப்பதை, உதட்டில் உப்புக் கரிக்கும்போதுதான் உணர்கிறோம்.

இருப்புப்பாதைக்கு வருவோம். 1897-இல் பிரிட்டிஷ் தளபதி கிச்சனரின் படைக்காக ஆங்கிலேயர், நைல் வளைந்து சுற்றும் பெருந்தொலைவைக் குறுக்கே வெட்டி, வாதி ஹல்ஃபாவிலிருந்து அபு ஹமத் வரை ஏறத்தாழ 370 கிலோமீட்டருக்குத் தண்டவாளம் இட்டனர். இடையில் ஊரே இல்லாததால் நிலையங்களுக்குப் பெயருக்குப் பதிலாக எண்களையே வைத்தனர். அவற்றுள் 4, 6 ஆகிய இரண்டிடங்களில்தான் கிணற்றுநீர் கிடைத்தது. எகிப்தின் அஸ்வான் உயர் அணையால் பழைய வாதி ஹல்ஃபா நீரில் மூழ்கியதும், நைல் கரையில் வாழ்ந்த சூடானிய நூபியர் ஏறத்தாழ 50,000 பேர் குடிபெயர்ந்ததும் தனிச்சொற்பொழிவுக்கு உரியவை. தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார்.

கார்ட்டூமிலிருந்து பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். அப்போது வாதி ஹல்ஃபாவிலிருந்து அஸ்வானுக்கு வாரம் ஒரு முறைதான் கப்பல். அதைத் தவறவிட்டால் இன்னும் ஏழு நாள் அங்கே காய வேண்டும். நடுப்பகலில் சக்கரம் வெடித்தது. என் கையிலிருந்த புட்டித் தண்ணீர், தேயிலை போட்டால் தேநீராகிவிடும் நிலையில் இருந்தது. சாலையோரத்தில் ஈச்சமட்டைக் கூரை ஒன்று. அதன் கீழே இரும்புச் சட்டத்தில் ஆளுயரத்தில் பாதியளவு மண்பானைகள் மூன்று. அதை அங்கே 'ஸீர்' என்பார்கள். கசியும் மண்ணின் வழியே ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். அதில் பெரும்பகுதியைப் பானை உள்ளிருக்கும் நீரிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது; அதனால் அந்த நீர் குளிர்கிறது. அருகே தகரக் குவளை ஒன்று, சங்கிலி இல்லாமல் கிடந்தது. நம் ஊரில் குவளைக்குச் சங்கிலி உண்டு, தண்ணீர்தான் இல்லை.

நைல் நீரைப் பருகப் பயந்து, குவளையில் மோந்து, பையிலிருந்த குளோரின் மாத்திரையைப் போட்டுக் கரையக் காத்திருந்தேன். கூடவே இறங்கி வந்த முதியவர் உற்றுப் பார்த்தார். "ஹிந்தி?" என்றார், அதாவது இந்தியனா என்று; தலையசைத்தேன். தமக்கும் ஒன்று வேண்டுமென்று கையை நீட்டினார். கொடுத்தேன். அவர் அதை வாயருகே கொண்டுபோனார்! நான் பாய்ந்து அவர் கையைப் பிடிக்க, பேருந்தே திரும்பிப் பார்த்தது. அவர் நெற்றியைத் தொட்டுக் காட்டியபோதுதான், அதைத் தலைவலி மாத்திரை என எண்ணியிருந்தார் என்பது புரிந்தது. பயணிகள் சிரித்த சிரிப்பில் ஓட்டுநர் சக்கரத்தை விட்டுவிட்டு வந்துவிட்டார். பானைக்குக் காசு கொடுக்க வேண்டுமா என்று சைகையில் கேட்டேன். சற்று ஆங்கிலம் அறிந்த மாணவர் ஒருவர், யாரோ தம் இறந்த தாயின் பெயரில் வைத்தது இது, குடித்துவிட்டு அவளுக்காக வேண்டிக்கொண்டால் போதும் என்றார். பெயர் தெரியாத அந்தத் தாய்க்காக அப்பத்தாவின் பழமொழியைத்தான் முணுமுணுத்தேன்: நிழலின் அருமை வெயிலில் தெரியும்.

2023 ஏப்ரலில் சூடானில் போர் மூண்டபோது, எகிப்துக்குத் தப்ப முயன்ற குடும்பங்கள் அதே வாதி ஹல்ஃபாவில் நாள்கணக்கில் வெயிலில் காத்துக்கிடந்தன. எனக்கு அந்தப் பானைகளே நினைவுக்கு வந்தன.

திருநாவுக்கரசர் பெயரில் அப்பூதியடிகள் திங்களூரில் தண்ணீர்ப்பந்தல் வைத்த மரபு நம்முடையது. இன்றோ திறப்பு விழாவில் நிரம்பும் பானை, படம் எடுத்த மூன்றாம் நாளே வற்றுகிறது. பதாகை மட்டும் ஆடி வரை நிற்கிறது. நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களிடம் நான் கேட்பது, பேருந்து நிலைய வேப்பமரத்தடியில் பத்தடி இடமும், நாள்தோறும் காலையில் பானைகளைக் கழுவி நிரப்ப ஓர் ஆளும்தான். பதாகை வேண்டாம். மானாமதுரையில் வாங்கிய ஐந்து பானைகள் மண்டபத்தின் பின்கட்டில் இருக்கின்றன. நன்றியுரை முடிந்ததும் அவற்றைத் தூக்கப் பத்து இளைஞர்கள் மட்டும் இருந்துவிட்டுப் போகலாம்.