வெட்டுக்கிளியும் ஓராண்டுச் சம்பளமும்

தலைமையேற்றிருக்கும் துணைவேந்தர் அவர்களே, பூச்சியியல் துறைத் தலைவர் அம்மையார் அவர்களே, மூன்று கூட்டங்களை ஒத்திவைத்துவிட்டு முன்வரிசையில் வந்தமர்ந்திருக்கும் பதிவாளர் அவர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

எடித் மரியன் பேட்ச் என்னும் அமெரிக்கப் பூச்சியியல் அறிஞரின் அசுவினி (செடிகளின் சாற்றை உறிஞ்சும் சிறுபூச்சி) ஆய்வு, சிறுவர்க்கு எழுதிய நூல்கள், பூச்சிமருந்து பற்றி விடுத்த எச்சரிக்கை ஆகிய மூன்றையும் பேசவே வந்தேன். ஆயினும், "உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது" என்ற பழமொழி, இவர் வரலாற்றைப் படித்த நாள்முதல் என்னை விடவில்லை.

1901இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற பேட்ச், பூச்சியியல் வேலை கிடைக்காமல் ஈராண்டுகள் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தார். 1903இல் மெயின் மாநில வேளாண் ஆய்வு நிலைய இயக்குநர் சார்லஸ் உட்ஸ், அம்மாநிலத்து ஓரோனோ ஊரில் பூச்சியியல் துறையை உருவாக்க அவரை அழைத்தார். அழைப்போடு ஒரு நிபந்தனையும் வந்தது: துறையை நிறுவலாம், சம்பளம் கிடையாது, பிழைப்புக்குப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் நடத்திக்கொள்ளலாம்.

இந்த நியமனத்தைக் கேட்டு ஆண் அறிஞர்கள் நகைத்தார்களாம். பெண்ணால் வெட்டுக்கிளியைத் துரத்திப் பிடிக்க முடியுமா என்று ஒருவர் கேட்க, பேட்சிடமிருந்து தப்புவதற்கு வெட்டுக்கிளிதான் சுறுசுறுப்பாக இருக்கவேண்டும் என்று உட்ஸ் திருப்பிச் சொன்னதாகக் கூறுவர். (கைதட்டல்.) தட்டுங்கள், தட்டுங்கள், ஆனால் அவ்வளவு நன்றாகப் பதில் சொன்னவரும் முதலாண்டுச் சம்பளத்துக்கு வழி செய்யவில்லை என்பதையும் சேர்த்து நினையுங்கள். உழுதவன் கணக்கு அங்கேயே தொடங்கிவிட்டது.

1904இல் அவர் முறைப்படி துறைத்தலைவரானார். 1911இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். ஆப்பிள் மரத்தைப் பீடிக்கும் கம்பளி அசுவினிக்கும் எல்ம் மர இலைகளைச் சுருளச்செய்யும் அசுவினிக்கும் உள்ள உறவை ஆராய்ந்தார். பருவத்துக்குப் பருவம் மரம் மாறி வாழும் பூச்சியை ஒரே மரத்தடியில் நின்று புரிந்துகொள்ள முடியாதல்லவா? 1930இல் அமெரிக்கப் பூச்சியியல் கழகத்தின் முதல் பெண் தலைவரானார். உலகின் அசுவினிகள் எந்தெந்தச் செடிகளை உண்கின்றன என்று அவர் தொகுத்த பெரும்பட்டியல், ஓய்வுபெற்ற மறு ஆண்டான 1938இல் வெளிவந்தது.

நேரமாகிவிட்டதென்று தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார்; சிறுவர் நூல்களும் பூச்சிமருந்தும் இன்னொரு மேடைக்கு. ஒன்றே ஒன்று: சம்பளமில்லாமல் ஓராண்டு உழைத்ததைத் தியாகமென்று பாராட்டுவோர், ஆங்கிலம் கற்பிக்கும் வாய்ப்பு இல்லாதிருந்தால் அவர் எதை உண்டிருப்பார் என்று சொல்லட்டும். உழக்குகூட மிஞ்சாத அந்தக் கணக்கை இன்று போட்டுக்கொண்டிருக்கும் ஆய்வு மாணவியர்க்கு மாதந்தோறும் உதவித்தொகை தவறாமல் கிடைக்கவேண்டும் என்ற மனு வாசலில் இருக்கிறது. பதிவாளர் அவர்கள் முதல் கையொப்பம் இடவேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.