வீடு மாறினால் குழந்தையின் எதிர்காலம் மாறுமா?

[திரை: அமெரிக்க வரைபடம். ஐந்து நகரங்கள் ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன.]

முதலில் ஒன்று. குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வேறெங்கோ வளர்ப்பது பற்றிய வீடியோ இல்லை இது. குடும்பமே வறுமை மண்டிய பகுதியை விட்டு வேறு பகுதிக்குக் குடிபெயர்வது பற்றியது.

1994-இல் அமெரிக்க அரசு பால்டிமோர், பாஸ்டன், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க் ஆகிய நகரங்களில் இதைச் சோதிக்கத் தொடங்கியது. திட்டத்தின் பெயர் 'மூவிங் டு ஆப்பர்சூனிட்டி', அதாவது வாய்ப்பை நோக்கிக் குடிபெயர்தல். ஏழைகளுக்கான அரசுக் குடியிருப்புகளில் இருந்த சுமார் 4,600 குடும்பங்கள் விரும்பிச் சேர்ந்தன. குலுக்கல் போட்டு மூன்றாகப் பிரித்தார்கள்.

[திரை: மூன்று பெட்டிகள்.]

முதல் பிரிவுக்கு வாடகை வவுச்சர் கிடைத்தது. ஆனால் வறுமை விகிதம் 10 சதவீதத்துக்குக் கீழே உள்ள பகுதியில்தான் அதைப் பயன்படுத்தலாம். இரண்டாம் பிரிவுக்கு வழக்கமான வவுச்சர், எங்கே வேண்டுமானாலும் போகலாம். மூன்றாம் பிரிவுக்கு வவுச்சர் கிடையாது. வவுச்சர் உள்ள குடும்பம் வருமானத்தில் ஏறத்தாழ 30 சதவீதத்தை வாடகைக்குத் தரும். மீதியை, ஓர் உச்சவரம்பு வரை, அரசு நேராக வீட்டுக்காரருக்குக் கட்டும்.

குலுக்கல் எதற்கு? தானாகவே நல்ல பகுதிக்குப் போகிற குடும்பத்திடம் கொஞ்சம் கூடுதல் வசதியோ முனைப்போ ஏற்கெனவே இருக்கும். பிள்ளை முன்னேறினால் காரணம் அதுவா, இடமா என்று சொல்ல முடியாது.

ஆரம்ப முடிவுகள் ஏமாற்றின. பெரியவர்களின் சம்பளம் ஏறவில்லை, பிள்ளைகளின் மதிப்பெண்ணும் ஏறவில்லை. தாய்மார்களின் மனநலம் தேறியது, கடும் உடல் பருமனும் நீரிழிவும் குறைந்தன. இது சின்ன விஷயமே இல்லை. ஆனாலும் திட்டம் தோற்றுவிட்டது என்றே பலர் முடிவுகட்டினார்கள்.

2015-இல் பொருளாதார அறிஞர்கள் ராஜ் செட்டி, நேதனியல் ஹெண்ட்ரன், லாரன்ஸ் கேட்ஸ் மூவரும் வருமான வரிப் பதிவுகளை வைத்து, வளர்ந்துவிட்ட அந்தப் பிள்ளைகளைத் தேடிப் பார்த்தார்கள்.

[திரை: 13 என்ற எண்ணில் கோடு.]

13 வயதுக்குள் குறைந்த வறுமைப் பகுதிக்குப் போனவர்கள், இருபதுகளின் நடுவில், வவுச்சர் கிடைக்காத பிரிவினரைவிடச் சுமார் 31 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். கல்லூரிக்குப் போனவர்களும் அதிகம். 13-க்கு மேல் போனவர்களுக்கோ பலன் இல்லை, சற்றே இழப்பு. பள்ளி, நண்பர்கள், பழகிய தெரு எல்லாவற்றையும் விட்டு வருவதற்கு எந்த வயதிலும் ஒரு விலை உண்டு. சின்னக் குழந்தைக்கு அதை ஈடுகட்டப் பல ஆண்டுகள் இருக்கின்றன. பதினாறு வயதுப் பையனுக்கு இல்லை. இரு வயதினரையும் ஒரே சராசரியில் கலந்ததால்தான் பலன் கண்ணில் படாமல் போயிற்று.

ஆனால் கையில் வவுச்சர் இருந்தும் முதல் பிரிவில் பாதிக்கும் குறைவானவர்களே வீடு மாறினார்கள். வவுச்சருக்குக் கெடு உண்டு, அதற்குள் வீடு பிடிக்க வேண்டும். தெரியாத பகுதி, வவுச்சர் என்றதும் கதவைச் சாத்தும் வீட்டுக்காரர், மொத்தமாகக் கேட்கும் முன்பணம், விண்ணப்பக் கட்டணம், பழைய கடன் பதிவு. எங்கே இடறினாலும் கெடு முடிந்துவிடும்.

சியாட்டில் நகரிலும் சுற்றியுள்ள கிங் கவுண்டி மாவட்டத்திலும் பின்னர் இதைச் சரிசெய்து பார்த்தார்கள். வீடு தேட ஓர் உதவியாளர், வீட்டுக்காரர்களிடம் முன்கூட்டியே பேச்சு, முன்பணத்துக்கு உதவி. வவுச்சர் அதேதான். பிள்ளைகள் முன்னேற நல்ல வாய்ப்புள்ள பகுதிக்குப் போனவர்கள் 15 சதவீதத்திலிருந்து 53 சதவீதமாக உயர்ந்தார்கள்.

வவுச்சருக்கு அரசு வைக்கும் வாடகை உச்சவரம்பிலும் கவனம் தேவை. நகரம் முழுவதற்கும் ஒரே வரம்பு வைத்தால், வவுச்சர் மலிவான பகுதிகளில் மட்டுமே செல்லும். அஞ்சல் குறியீடு வாரியாக வரம்பு வைத்தால் விலை கூடிய பகுதியிலும் வீடு கிடைக்கும்.

[திரை: நீண்ட வரிசை.]

அமெரிக்காவில் வாடகை உதவிக்குத் தகுதியுள்ள குடும்பங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குத்தான் அது கிடைக்கிறது, மற்றவர்களில் பலர் காத்திருப்புப் பட்டியலில். 4 வயதுக் குழந்தைக்காக விண்ணப்பித்து 11 வயதில் வவுச்சர் வந்தால், 13-க்கு முன் மிஞ்சுவது 2 ஆண்டுகள்.